தனித் தட்டு

“சஹன் எங்க?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சாதியா கேட்டுவிட்டாள். தேனியில் பஸ் ஏறி உத்தமபாளையத்தில் இறங்கும் வரை இந்தக் கேள்வியைத்தான் பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்தாள்.

“பரண்ல இருக்கு மதினி. கழுவித் துடைச்சுத்தான் வச்சிருக்கேன்” என்றாள் நிலோபர். தம்பி பெண்டாட்டி.

“அத்தா ஆசையா வாங்கினது. அவுக மௌத்தாகி ஒரு வருசம் முடியல, அதுக்குள்ள பரணுக்கு ஏத்தியாச்சா?”

இறந்துபோன அப்பா வாங்கிய, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அகலத் தட்டு அது. சாதியாவும் தம்பி கலீல் ரஹ்மானும் அந்தச் சஹனில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இப்போது இந்த வீட்டில் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு.

விஷயத்தைச் சொன்னது அம்மா ஜெய்த்தூன் பீவிதான், போனில். “இப்பல்லாம் சஹன் கிடையாது. எனக்குச் சோத்தைக் குறைச்சு, கீரையா வச்சு அமுக்குறா ஆத்தா. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் நகர மாட்டேங்குறா.”

மாமியாருக்குச் சோற்றை அளந்து போட்டுவிட்டுக் காவலும் இருக்கிற மருமகளைப் பற்றி நல்லதாக என்ன நினைக்க முடியும்? வந்த வேகத்தில் அம்மாவின் சேலைகளை எடுத்து ஒரு பையில் அடுக்கினாள்.

“சாயங்காலம் பஸ்ஸுக்கு நாம தேனிக்குப் போறோம். எங்கூட இரு.”

அம்மா பையில் கசங்கிக் கிடந்த ஒரு சேலையை எடுத்து நீவி மடித்தாள். நிலோபர் பையைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து கலீல் வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான். தொப்பியை மடிப்பதில் மும்முரமாகிவிட்டான். வீட்டில் சண்டை வரும்போது மட்டும் ஆம்பளைகளுக்கு எங்கிருந்துதான் இத்தனை வேலை வருமோ!

நிலோபர் தட்டுகளை வைத்தாள். ஒவ்வொன்றிலும் சோறு, பருப்பு போட்ட முருங்கைக்கீரை, ஒரு முட்டை, ஈரல் வறுவல், ஓரமாக ஓடைப்பட்டித் திராட்சை.

“நான் வந்திருக்கிற அன்னைக்குமா?” சாதியா தட்டைத் தள்ளினாள். “இன்னைக்காச்சும் சஹன்ல வை. சேந்து சாப்பிட்டாத்தான் பரக்கத்து, அல்லா குறைவில்லாமக் குடுப்பான். சின்னப் புள்ளையில அம்மா பக்கத்துல உக்காருவேன். எம் பக்கம் கறி தீந்ததே கிடையாது, தெரியுமா உனக்கு? எடுக்க எடுக்க இருக்கும்!”

நிலோபர் தட்டுகளைத் திரும்ப எடுத்து அடுக்கினாள்.

“எடுத்துட்டு வாறேன் மதினி. ஆனா நீங்க மாமிக்கு எதுக்கால உக்காருங்க.”

“எங்கம்மா பக்கத்துல உக்காரவும் உங்கிட்ட உத்தரவு வாங்கணுமோ?”

பரணிலிருந்து சஹன் இறங்கியது. எல்லாவற்றையும் அதில் கொட்டிப் பரப்பினாள் நிலோபர். அம்மாவுக்கு ஒரு பக்கம் கலீலும் மறு பக்கம் நிலோபரும் உட்கார்ந்துவிட, சாதியாவுக்கு எதிரே இருந்த இடம்தான் மிச்சம்.

பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சாதியா நிலோபரை ஒரு பார்வை பார்த்தாள், பாத்துக்கோ என்கிற மாதிரி.

“ஏலே கலீல், ஏலக்கா விலை ஏறிருச்சாமே?” என்று அம்மா பேச்சை ஆரம்பித்தாள். பேச்சு ஏலக்காயிலிருந்து கல்யாண வீட்டுக்குப் போனது, அங்கிருந்து பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது. அம்மாவின் வாய் அது பாட்டுக்குப் பேச, விரல்கள் அவை பாட்டுக்கு வேறு வேலை பார்த்தன. ஒரு ஈரல் துண்டு கலீல் பக்கம் நகர்ந்தது. முட்டை நிலோபர் பக்கம் உருண்டது. இன்னொரு துண்டு சோற்றுக்கடியில் ஊர்ந்து சாதியாவின் விரலில் வந்து முட்டியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் முன்னால் கீரை பட்ட சோறு மட்டும் இருந்தது.

“நீ ஈரல் எடுக்கலயாம்மா?”

“எனக்கு எப்ப ஈரல் பிடிச்சுச்சு? நீ தின்னு ஆத்தா.”

சின்ன வயதிலிருந்து கேட்ட பதில்தான். அன்றைக்குத்தான் அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டாள். தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நிலோபரும் பின்னால் வந்தாள்.

“நோன்புக்கு முந்தி மாமி தலைசுத்தி விழுந்துட்டாக மதினி. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாக. ரத்தம் ரொம்பக் கம்மின்னு டாக்டரம்மா சொன்னாக. எல்லாரும் ஒரே சமையல்தான திங்கிறோம், மாமிக்கு மட்டும் எப்படின்னு எனக்குப் புரியல. ஒருநாள் எதுக்கால உக்காந்தேன். அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.”

“இதை அம்மாகிட்டயே சொல்லிருக்கலாம்ல?”

“எப்படி மதினி சொல்ல? கூச்சத்துல அப்புறம் கறியையே தொட மாட்டாக. மாமிக்கு மட்டும் தனித் தட்டு வச்சா ஒதுக்கி வச்ச மாதிரி ஆயிரும். அதான் எல்லாருக்கும் வச்சேன்.”

சாதியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மாவுக்கு ஈரல் பிடிக்காதுன்னே இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன் நிலோபர்.”

“அவுக தட்டுல வச்சா ஒரு துண்டு மிச்சம் வைக்க மாட்டாக மதினி.”

சாதியா அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். சட்டியில் மிச்சம் இருந்த ஈரலை அள்ளி வைத்துக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் வைத்தாள்.

“இது என்னாத்துக்குடி? எம் பக்கம்தான் எல்லாம் இருக்கே!”

“எம் பக்கம் இருந்த பரக்கத்தும்மா இது” என்றாள் சாதியா. “எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்.”