சத்தம் போடாத ஃபேன்

“ஏனுங்க, நீங்க மாட்டுன ஃபேனுக சத்தமே போட மாட்டேங்குது. கழட்டிப்போட்டு பழசையே மாட்டிக் குடுங்க!”

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது முகமது ரியாஸின் கம்ப்யூட்டர் கடை. படியேறி வந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பின்னாலேயே வந்த ஆட்டோக்காரர் பெரிய கம்ப்யூட்டர் கேபினட் ஒன்றை மேஜைமேல் இறக்கிவிட்டுப் போனார். பார்த்ததுமே ரியாஸுக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம்தான் அதில் புது ரேடியேட்டர் மாட்டி அனுப்பியிருந்தான்.

“மதன்குமாரோட அம்மாங்களா?”

“ஆமாங்க, சாந்தாமணி. அவன் அவங்கப்பா கூட வெளிய போயிருக்கான். வர்றதுக்குள்ள மாத்திக் கொண்டுபோய் வெச்சாகோணும்.”

சத்தம் வருகிறது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சத்தம் வரவில்லை என்று வந்தவர் இவர்தான்.

“அக்கா, இங்க பாருங்க.” ரியாஸ் ஒயரைச் செருகி ஆன் செய்தான். “உள்ள இருக்கற சூட்டைத் தண்ணி எடுத்துட்டு மேல ரேடியேட்டருக்கு வருது. இந்த மூணு ஃபேனும் அதை வெளிய தள்ளுது. குழாய்ல ஒரு காத்துக் குமிழி இல்லாம எடுக்கவே எனக்கு ஒரு நாள் ஆச்சு. முன்னாடி கேம் போட்டா எம்பத்தஞ்சு டிகிரி. இப்ப அறுபதைத் தாண்டாது. ஈரோட்டுல இருந்தெல்லாம் இதுக்காகவே வாராங்க!”

“சூடு எப்படியோ போகட்டுமுங்க. எனக்குச் சத்தம் வேணும்.”

“அந்தப் பழைய ஃபேன் மாவு மில்லு மாதிரி கத்துமேங்க!”

“அதேதானுங்க வேணும். கேம் ஆரம்பிச்சா கத்தோணும். நிறுத்துனா அடங்கோணும். சமையல்கட்டுல இருந்தா எனக்குக் கேக்கோணும்.”

ரியாஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“பையன் கேட்டா நான் என்ன சொல்றதுங்க?”

“புது ஃபேன் ரிப்பேர்னு சொல்லிப்போடுங்க.”

“என் வேலையை ரிப்பேர்னு நானே சொல்லணுமா? நல்லா இருக்குதுங்க நியாயம்!” அவன் குரல் உயர்ந்தது. “இப்பத்தான் புரியுது. எத்தனை மணி நேரம் விளையாடறான்னு நீங்க கணக்கெடுக்கணும், அவங்கப்பாகிட்டச் சொல்லித் திட்டு வாங்கித் தரணும், அதுதானுங்களே?”

சாந்தாமணி அந்த மூன்று ஃபேன்களையே பார்த்தார்.

“இருபத்திரெண்டு வயசுப் பையனுங்க அக்கா. கதவைச் சாத்திட்டு நிம்மதியா விளையாடக்கூட அவனுக்கு உரிமை இல்லையா? பெத்த பையனை வேவு பாக்கறதுக்கு என் கடைதான் கெடச்சுதா?”

“ஆமாங்க, வேவு பாக்கத்தான்!” என்று அவரும் சத்தம் போட்டார். “நேத்துக் கதவைச் சாத்துனான். நாலு மணி நேரம் ஒரு சத்தம் இல்லை. கதவோரமா நின்னு நின்னு காலு மரத்துப்போச்சு. உங்களை யாருங்க இவ்வளவு அமைதியாப் பண்ணச் சொன்னது?”

“அவன்தான் கேட்டான். ஒரு தடவை கதவைத் தட்டிக் கேட்டா என்னங்க கொறஞ்சுபோச்சு?”

“தட்டினா, ‘என்னை இன்னும் நம்பலையாம்மா’ன்னு கேக்கறான்.”

அவர் குரல் சட்டென்று இறங்கியது.

“மாசி மாசம் அந்த ரூம்ல இருந்துதான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அவனா எடுத்த முடிவுங்க, எப்படியோ பொழைச்சுட்டான். அதுல இருந்து, அந்த ஃபேன் கத்தற வரைக்கும்தான் உள்ள எம்பையன் உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரியுமுங்க.”