அந்தப் பக்கம்

"என்னங்க, மறுபடியும் அதே தண்ணித் தொட்டி!"

"வேற தொட்டியா இருக்கும்," என்றார் கணவர், கண்ணைத் திறக்காமல்.

ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லை. ஸ்டியரிங் தானே திரும்பியது. சற்று முன் இடப்பக்கம் இருந்த தொட்டி இப்போது வலப்பக்கம் இருந்தது. அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. வழி கேட்கலாமென்றால் வெளியே ஈ, காக்கைகூட இல்லை. இருபுறமும் உயரமான சுவர்தான்.

மாற்றலாகி, போன வாரம்தான் இந்த ஊருக்கு வந்த மகளின் வீட்டுக்கு முதல்முறையாகப் போகிறார்கள். மகளுக்கு லீவு முடியப்போகிறது. கைக்குழந்தையை அம்மா வந்து பார்த்துக்கொள்வாளா, காப்பகத்தில் விடுவதா என்று இன்றே சொல்லியாக வேண்டும்.

"போக முக்கால் மணி, வர முக்கால் மணி. தினமும் உன்னால ஆகாது. முடியாதுன்னு சொல்லிடு."

"பேத்தியை யார்கிட்டயோ விடறதாங்க? முன்ன மாதிரி பஸ் இருந்தாலாவது..."

"பஸ்ஸாம் பஸ்! காருங்க நிக்காம போகணும்னு சங்கத்துல கத்தி, நம்ம வீட்டு முன்னாடி இருந்த பஸ் ஸ்டாப்பையும் நடைபாலத்தையும் எடுக்க வெச்சதே நான்தான். அந்தப் பக்கம் நமக்கு யாரு இருக்கா, நடந்து போக?"

அவள் வானத்தைப் பார்த்தாள்.

"மழை வரும்போல இருக்கு. உங்க சிவப்புப் போர்வையைப் பால்கனியில காயப்போட்டுட்டு வந்துட்டேன்."

"அடடா!"

"நனையட்டும். நீல ஒட்டு வேற போட்டு அதைக் கட்டிட்டு அழறீங்க."

கார் ஒரு கட்டடத்தின் அடித்தளத்துக்குள் இறங்கி நின்றது. லிஃப்டில் ஏறினார்கள். கதவைத் திறந்ததும் மகள் குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டாள். அது பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என்னம்மா முடிவு பண்ணீங்க?"

"ரொம்பத் தூரம்மா. கிழக்கு எது, மேற்கு எதுன்னே புரியல. தினமும் எப்படி..."

அழுவதை மகள் பார்த்துவிடக் கூடாதென்று, குழந்தையோடு பால்கனிக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டது.

"என்னங்க! இங்க வாங்களேன்!"

பதறிக்கொண்டு வந்தார். கீழே, சுவர்களுக்கு நடுவே கார்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. சுவரோரம் பாதியில் அறுத்த பாலத் தூண் ஒன்று மிச்சம் நின்றது. சாலைக்கு நேர் எதிரே, மூன்றாவது மாடிப் பால்கனியில், நீல ஒட்டுப்போட்ட சிவப்புப் போர்வை சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் நமக்கு யாரு இருக்கான்னு கேட்டீங்களே," என்று பேத்தியை அவர் கையில் கொடுத்தாள் அவள்.