நான்கு நாள் ஊர்

"இந்தச் சுவரோரமா நம்ம பீரோ. அந்த ஜன்னல்கிட்ட நீங்க படம் வரையற மேஜை. சரியா வரும்ல?"

காலி வீட்டின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து அளந்து காட்டினாள் மனைவி. சாவியைக் கொடுத்துவிட்டு, நிதானமாகப் பாருங்கள் என்று ஜாடை காட்டிய வீட்டுக்காரம்மா கீழே போயிருந்தாள். ஐந்தாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே, மழைக்கு முந்தைய வெளிச்சத்தில், ஆறு ஈயத் தகடு போலக் கிடந்தது. அதன்மேல் படகுகள் போகின்றனவா நிற்கின்றனவா என்றே தெரியவில்லை.

"வரும்" என்றான் அவன்.

மேஜை வராது. அவனே வரப்போவதில்லை.

பாலங்களுக்கு வரைபடம் போடுவது அவன் தொழில். இந்த ஆற்றின் மேல் கட்டவிருந்த பாலத்துக்காகத்தான் அவனை அழைத்திருந்தார்கள். குடிவருவதற்கு முன் ஊரை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று நான்கு நாள் பயணத்துக்கு ஏற்பாடும் செய்தாகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தைய நாள் மெயில் வந்தது. பாலத் திட்டம் கைவிடப்பட்டதாம், வருந்துகிறார்களாம். ஊரிலிருந்த பழைய வேலைக்கும் அவன் போன வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டிருந்தான்.

உடனே சொல்லிவிடத்தான் நினைத்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனால், அவள் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து அதை மூடப் போராடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இப்படி எங்கேயும் போனதில்லை.

"ஏங்க, நீங்களும் வந்து உக்காருங்க. அப்பதான் மூடும்."

உட்கார்ந்தான். பெட்டி மூடிக்கொண்டது. அவன் வாயும்தான்.

மூன்று நாட்களாக அவள் தூக்கத்தில் நடப்பவள் மாதிரி இந்த ஊரில் நடந்தாள். படகில் அக்கரைக்குப் போய், இறங்காமலே இக்கரைக்குத் திரும்பினாள். ஒரு சோப்புக் கடை வாசலில் நின்று, "இனிமே நம்ம கடை இதுதான்" என்றாள். ஆஸ்பத்திரி லேபில் பதினாலு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அவளா இப்படிச் சொக்கிப்போய்க் கிடக்கிறாள் என்று நினைத்தபடி அவன் பின்னாலேயே நடந்தான்.

நேற்று காலை அவனுக்கு எழுந்திருக்கவே மனசில்லை. தலைவலி என்று இழுத்துப் போர்த்திக்கொண்டான். அவள் தனியாகக் கிளம்பிப் போய், மத்தியானம் தொப்பலாக நனைந்து திரும்பினாள். முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"எங்க போனே இவ்வளவு நேரம்?"

"சும்மா சுத்தினேன். பஸ் ரூட்டெல்லாம் இப்ப எனக்கு அத்துப்படி."

அதைக் கேட்டு அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"என்னங்க, இங்க வாங்களேன்!" சமையலறையிலிருந்து இப்போது அவள் குரல். "இந்த மேல் தட்டு உங்களுக்கு எட்டுதா பாருங்க."

"எனக்கெதுக்கு?"

"பாருங்கன்னா!"

எட்டியது. அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆறு மறைந்தது, அக்கரை மறைந்தது. உலகத்தில் அந்தக் காலி வீடும் அவர்கள் இரண்டு பேரும் மட்டுமே மிச்சம் என்பதுபோல் இருந்தது.

"நாளைக்கு ஊருக்குத் திரும்பணும். வீட்டுக்காரம்மாகிட்ட இப்பவே சரின்னு சொல்லிடலாமா?"

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"சொல்லாதே" என்றான். "எனக்கு இந்த ஊர்ல வேலை இல்லம்மா. பாலமே இல்லேன்னு ஆயிடுச்சு. கிளம்பறதுக்கு முந்தின நாளே மெயில் வந்துடுச்சு. நீ பெட்டிமேல உக்காந்திருந்த சந்தோஷத்தைப் பாத்துட்டு சொல்ல வாய் வரல. நாலு நாளாவது இருந்துட்டுப் போகட்டுமேன்னு... உன்னை ஏமாத்திட்டேன்."

அவள் குழாயை மூடினாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மெயிலைத் திறந்து வெச்சுட்டு, அரைமணி நேரமா மூஞ்சி கழுவிட்டிருந்தீங்க. மூஞ்சி தேஞ்சிடப் போகுதேன்னு கூப்பிட வந்தேன். கண்ணுல பட்டுது, படிச்சேன். நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

அவனுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. "தெரிஞ்சுமா நாலு நாளா பீரோவுக்கு இடம் பாத்தே? உள்ளுக்குள்ள நான் செத்துப் பொழைச்சுட்டிருக்கேன், நீ குழாயைத் திறந்து பாக்கறே! இல்லாத குடித்தனத்துக்கு எதுக்கு இத்தனை கனவு?"

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"உங்களுக்கு இங்க வேலைன்னு ஆனப்பவே, நானும் வீட்ல சும்மா உக்காந்திருக்கக் கூடாதுன்னு இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு எழுதிப் போட்டிருந்தேன். நேத்து நீங்க போர்வைக்குள்ள கிடந்தப்ப அங்கதான் இன்டர்வியூ. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்க. போங்க, போய் அந்த வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க."