தூக்கிய கை

"அம்மா, இன்னிக்குக் கூட்டத்துல நான் கை தூக்கப்போறேன்."

சட்டைக்குப் பொத்தான் போட்டபடி மகன் சொன்னான். தலை வாரிக்கொண்டிருந்த ஜெபக்காரம்மாவின் சீப்பு பாதியில் நின்றுவிட்டது.

சபையில் அவளுக்கு அதுதான் பெயர். பெண்கள் உபவாச ஜெபத்தை முன்னின்று நடத்துபவள் அவள். சுவிசேஷம் போய்ச் சேராத ஊர்களுக்குப் போக ஆட்கள் வேண்டும் என்று வாராவாரம் முட்டி போட்டு, "ஆளை அனுப்பும் ஆண்டவரே, ஆளை அனுப்பும்" என்று அவள் கதறினால், பக்கத்துத் தெருவில் தூங்குகிற குழந்தைகூட எழுந்துவிடும். ஆண்டவர் தன் வீட்டு வாசலிலேயே வந்து ஆளெடுப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

கை தூக்குவது விளையாட்டுக் காரியமில்லை. பிரசங்கம் முடிந்ததும் போதகர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். அந்த ஊர்களுக்கு ஊழியத்துக்குப் போக விரும்புகிறவர்கள் கையைத் தூக்க வேண்டும். தூக்கியவர்கள் யாரும் பின்வாங்கியதில்லை. போன வருஷம் தூக்கிய பையன், இப்போது மலைக்கு அந்தப் பக்கம், ரோடே போகாத ஓர் ஊரில் இருக்கிறான்.

"அப்போ வேலை?"

"விட்டுடுவேம்மா."

லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினீயர் வேலை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு இடத்தில் பெண் பார்க்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் நிமிர்ந்து பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஜெபம், சபை எதிலும் ஒட்டாத மனுஷன். இவர்களைச் சபைக்குக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கூட்டம் முடிகிறவரை வெளியே காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

"வேலையை விடற அளவுக்கு அங்க என்னடா இருக்கு?" என்று மகனிடம் கேட்டார். கிண்டல் மாதிரி தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மகன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "உங்களுக்கு அதெல்லாம் புரியாதுங்க. வண்டியை எடுங்க."

இந்த மனுஷன் மனம் திரும்ப வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அழுது ஜெபிக்கிறவளும் அவள்தான்.

காரில் போகும்போது மகனிடம் பேரம் பேசிப் பார்த்தாள். முதலில் கல்யாணம் முடியட்டும், ஒரு குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

"நீதானேம்மா ஆள் வேணும்னு கேட்டே?"

"ஆள் கேட்டேன். உன்னையா கேட்டேன்?"

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முன் சீட்டில் இருந்த அவள் குனிந்து பார்த்தாள். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. பழகுகிறவர் தாறுமாறாக ஓட்டினால், கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மிதித்து நிறுத்துவதற்கு. பிள்ளைக்கும் இப்படி ஒன்று வைத்துப் பெற்றிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

சபையில் மகனைப் பக்கத்திலேயே, ஓர நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டாள். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க," என்றார் போதகர்.

மூடினாள். ஜெபத்தில் கண் திறக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அதற்காகவே எத்தனையோ பேரை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். என்ன ஆனாலும் ஆமென் சொல்லாமல் திறக்க மாட்டாள்.

அந்த நேரம் பார்த்து மைக் வீலென்று கத்தியது. மைக் தகராறு செய்தால் மகன்தான் போய்ச் சரிசெய்வான். பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் மைக் அடங்கியது. நாற்காலி மறுபடியும் கிரீச்சிட்டது. அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டானே என்று நொந்துகொண்டாள்.

"ஊழியத்துக்குப் போறவங்களானாலும் சரி," என்றார் போதகர். "இன்னிக்குத்தான் முதல் தடவையா ஆண்டவர்கிட்ட வர்றவங்களானாலும் சரி. கையை உயர்த்துங்க."

முதல் பாதியைக் கேட்டதுமே அவளுக்குக் காது அடைத்துவிட்டது.

பக்கத்தில் ஓர் அசைவு. ஒரு முழங்கை அவள் தோளை உரசிக்கொண்டு மேலே போனது.

ஆண்டவரே, உமக்கு வேற ஆளே கிடைக்கலையா?

சட்டென்று எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். சட்டை ஈரமாக இருந்தது. பயத்தில் வியர்த்திருக்கிறான், பாவம். இழுத்தாள். கை கொஞ்சம் முரண்டு பிடித்தது. அவள் விடவில்லை. மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டாள். பெற்ற வயிறு அப்படித்தான், ஜெபித்ததையெல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கடைசியில் அந்தக் கை மெல்லத் தளர்ந்தது.

போதகர் நெடுநேரம் காத்திருந்தார். யாரோ இருமினார்கள்.

"ஒரு கைகூட உயரலை," என்றார் பெருமூச்சோடு. "பரவாயில்லை. ஆள் வேணும்னு இன்னும் ஊக்கமா ஜெபிப்போம். ஆமென்."

"ஆமென்," என்றாள் அவள், சபையிலேயே சத்தமாக.

நிம்மதியாகக் கண்ணைத் திறந்தாள். எதிரே மேடை ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் ஒயரை இறுக்கிப் பிடித்தபடி மகன் நின்றுகொண்டிருந்தான்.

திரும்பிப் பார்த்தாள்.

தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்த கணவர், அவள் மடியிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதே," என்றார். "இது உங்க ஆளுங்களுக்கு மட்டும்னு எனக்குத் தெரியாது."