தைலம் படாத முழங்கால்

“தெருவே என் தைலத்தைக் கேட்டு வாங்குது. சலூன்காரர் நாயோட சொறிக்கு வேப்பெண்ணெய், அவர் இடுப்புக்கு யூகலிப்டஸ் தைலம். கட்டின புருஷன் மட்டும் தொட மாட்டேங்கறீங்க. கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

தையல்காரர் முழங்காலைப் பிடித்தபடி மிஷின் முன் உட்கார்ந்தார்.

“கால் என்னோடது. வலியும் என்னோடது. போட மாட்டேன்.”

“என் கைப்பக்குவத்துல நம்பிக்கை இல்ல, அதானே?”

அவர் மிஷினை மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் முகம் சுளித்தது. கடை வாசலில் தெருப்பூனை எட்டிப் பார்த்தது.

“போ சனியனே. தைக்கிற துணியெல்லாம் உன் முடிதான்” என்று அளவு நாடாவை வீசினார்.

மறுநாள் மதியம், இன்று விடுவதில்லை என்ற முடிவோடு மனைவி தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். மிஷின் ஓடவில்லை. கைலியைத் தொடைவரை சுருட்டிவிட்டு அவர் சாய்ந்திருந்தார். மடியில் அந்தச் சனியன் சொகுசாகப் படுத்து, அவருடைய முழங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசையவில்லை.

“மாட்டு டாக்டர்கிட்ட இதைத் தூக்கிட்டுப் போய்க் கேட்டேன். உன் தைலத்தை நக்கினா பூனை உடம்பு தாங்காதாம்.”

“அதுக்காக நீங்க மூணு மாசமா நொண்டுவீங்களா? முதல்ல அதை இறக்கிவிடுங்க.”

“முடியாது” என்றார் தையல்காரர். “கால் என்னோடது. வலியும் என்னோடது. மடி மட்டும் இதோடது.”