ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

“இனிமே நான் வீடியோவுல வர மாட்டேன்” என்றாள் அவள்.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

கதிரேசன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மறுபடியும் மாத்திட்டாய்ங்க செண்பகம். சின்ன வீடியோ எல்லாம் இனிமே யாருக்கும் போகாதாம். தெனம் ஒரு மணி நேரம் லைவ் வரணுமாம். அப்பத்தான் கடை பேரையே காட்டுவாய்ங்களாம்.”

“நான் சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. நாளைக்கே ஆரம்பிச்சாகணும்.”

காலை வெயில் ஜன்னலில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே பாத்திரக் கடை, மேலே வீடு. ஞாயிறென்பதால் கடை பூட்டிக் கிடந்தது. திண்டுக்கல்லில் அந்தத் தெரு ஓசையடங்கி இருப்பது அந்த ஒரு நாள்தான்.

முதலில் படம் போதுமாக இருந்தது. குக்கரைத் துடைத்து வெளிச்சத்தில் வைத்து, கதிரேசன் படம் எடுத்துப் போடுவான். ஆட்கள் வந்தார்கள்.

பிறகு படத்தை யாரும் பார்ப்பதில்லை என்றார்கள். வீடியோ எடுத்தான்.

அது நீளம் என்றார்கள். பாதியாக வெட்டினான்.

அப்புறம், முகம் வேண்டும் என்றார்கள்.

‘என்றார்கள் என்றால் யார்?’ என்று அவள் ஒருமுறை கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை.

ஒருநாள் அவன் இட்லிச் சட்டியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பின்னாலிருந்து வந்தாள். சிலிண்டருக்குச் சொல்லி வைக்கும்படி நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் அகப்பட்ட மூடியை எறிந்தாள். அது அவன் காதோரம் பறந்து, தெருவில் போய் உருண்டது.

அன்றைக்கு நிஜமான கோபம்.

அதையும் சேர்த்தே அவன் போட்டுவிட்டான். இரண்டு நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்து, “அந்த அக்கா எங்க?” என்று கேட்டது.

அதிலிருந்து இரண்டு வருடமாக, காலை பத்து மணிக்குச் சண்டை.

எதற்குச் சண்டை என்று முந்தின நாளே அவன் எழுதி வைத்துவிடுவான். எதை எறிய வேண்டும் என்பதையும். அவள் எறிந்த பாத்திரம் அந்த வாரம் விற்றது. எதிர்ப்பக்கம் மூன்று மாடியில் பெரிய கடை வந்த பிறகும் இவர்கள் கடை நின்றது அதனால்தான். அது அவளுக்கும் தெரியும்.

“ஏன் மாட்டேங்குற? அதைச் சொல்லு” என்றான்.

அவள் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நத்தத்தில் பெரியம்மா இறந்துபோனாள். அவளை வளர்த்த பெரியம்மா. பந்தலுக்குள் நுழைந்ததும் செண்பகம் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தி அழுதாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அழுகை நின்றுவிட்டது. பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட அவள் அழவில்லை.

கதிரேசன் இப்போது போனைக் கீழே வைத்தான்.

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“நீங்கதான் வரலையே. பழசு எதையாவது வெட்டி ஒட்டிப் போடணும்னு கடையிலயே உக்காந்துட்டீங்க.”

அவன் கீழே வைத்த போனைக் கவிழ்த்துப் போட்டான்.

“ஒரு ஆறு மாசம் மட்டும் பல்லக் கடிச்சுக்க செண்பகம். அதுக்குள்ள வேற எதாச்சும் மாத்திருவாய்ங்க.”

அப்போதுதான் அவள் கத்தினாள்.

என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தினமும் பத்து மணிக்குக் கத்திப் பழகிய குரல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து உடைந்து உடைந்து வந்தது. அவனும் கத்தினான். கடையைப் பூட்டிவிட்டு எங்கே போவது, உன் அண்ணன் வீட்டுக்கா என்றான். ஆமாம், இன்றைக்கே போகிறேன் என்றாள்.

பீரோவைத் திறந்து சேலைகளை இழுத்துக் கட்டிலில் போட்டாள். அவன் கையைப் பிடித்தான். உதறினாள். வளையல் உடைந்து அவன் மணிக்கட்டைக் கீறியது.

ரத்தம் மெல்லத் துளிர்த்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். ஹர்ஷினி. ஒன்பது வயது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“அம்மா, இது வீடியோதான?”



ஹர்ஷினி கட்டிலில் கிடந்த சேலைகளைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி வெளியே ஓடினாள்.

போன் மாட்டும் மூன்று கால் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு வந்தாள். அது அவளைவிட உயரம். கால்களை ஒவ்வொன்றாக விரித்து, தரையில் அழுத்தி நிறுத்தினாள். அப்பாவின் போனை எடுத்து, எக்கி நின்று மாட்டினாள். ஸ்டாண்டிலிருந்த விளக்கைப் போட்டாள்.

வெள்ளை வெளிச்சம் இருவர் முகத்திலும் விழுந்தது.

“ம். இப்பப் பேசுங்க” என்றாள்.

ஸ்டாண்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதிரேசன் கீறிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

செண்பகம் மகளைப் பார்த்தாள். மகள் போனைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள் செண்பகம்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள் கணவனிடம். “என் முகம் மறையுது.”