துண்டு போட்ட இடம்

எழுபத்தெட்டில், பங்கோர் தீவில் அஸ்தமனம் பார்க்க அருமையான பாறையொன்றைத் தேடிப்பிடித்து, எல்ஸியை அழைத்துப்போனேன். அதில் யாரோ சுருட்டு சுட்ட ஓட்டையுள்ள துண்டு போட்டிருந்தார்கள். அடுத்த கடற்கரைப் பாறையிலும் அதே துண்டு, அதே சுருட்டு ஓட்டை.

“எங்கப்பா துண்டுலா இது,” என்றாள் எல்ஸி.

“அவர பொதைக்கறப்ப பெட்டிக்குள்ள நான்தானே வெச்சேன்!” என்றேன்.

“புந்தோங் பஸ்ஸுலயும் என் பக்கத்து சீட்டுல இப்படித்தான் போடுவாரு. எந்தப் பையனும் உக்காரக் கூடாதாம்.”

செத்த பிறகுமா இடம் பிடிப்பது? துண்டைக் கடலில் வீசிவிட்டு அவளருகே உட்கார்ந்தேன். சூரியன் இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது.

படகில் கரை திரும்பி லுமுட்டில் பஸ் ஏறினோம். எல்ஸியின் பக்கத்து சீட் மட்டும் காலி. அதில் ஈரத்துண்டு கிடந்தது.

ஈப்போ வரை நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் என்னிடம் மூன்று டிக்கெட்டுக்குக் காசு வாங்கினார்.